மனைவிக்குக் கரண்ட் சிகிச்சை: ஹாலில் பாய் விரித்த கணவருக்கு

மதுரைக்கு ஒன்றரை மணி நேரப் பஸ் தூரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் 54 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, முக்கியமானதை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய மனைவிக்கு 49 வயது. இடது மார்பகத்தில் புற்றுநோய்க் கட்டி. மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றினார்கள். பிறகு கீமோ. இப்போது கதிர்வீச்சு. மொத்தம் 20 'கரண்ட்' வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடிதம் எழுதிய அன்று 13 முடிந்திருக்கிறது. மார்புக்குக் கீழ் மடிப்பும் அக்குளும் கன்னங்கரேல் என்று ஆகி, தோல் உரியத் தொடங்கியிருக்கிறது. காலை ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பி மதியம் வீடு திரும்பிப் படுத்தால், இரவு வரை எழுந்திருப்பதில்லையாம். கீமோ முடிந்து தலையில் பொடிமுடி முளைத்து, கொஞ்சம் தெம்பு வந்த பிறகு இப்படி ஆவதால் "நோய் மறுபடி ஏறுதோ" என்று இவருக்குப் பயம்.

இவருடைய அக்கா, தன் சம்பந்தியம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை கொடுத்தபோது தனி அறையில் வைத்ததையும் குழந்தைகளைக் கிட்டே விடாததையும் நினைவுபடுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து இவர் ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறார். மனைவிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். உள்ளூரிலேயே இருக்கும் மகள், எட்டு மாதக் குழந்தையைக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். மனைவி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடை மாற்றும்போது கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்.

"உள்ளே போறதுக்கு முன்னாடி தாலிச் சங்கிலியைக் கழற்றி என் கையில கொடுப்பா. வெளியே வந்ததும் வாங்கிக்குவா. ஒரு நாளைக்கு அந்த ரெண்டு தடவைதான் அவ கை என் மேல படுது" என்று எழுதியிருக்கிறார். மனைவிக்குத் தெரியாமல் மருத்துவரைத் தனியாகப் பார்த்து, 13ஓடு நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசலாமா என்பது என்னிடம் கேட்கும் கேள்வி.

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் அந்தப் பாயைச் சுருட்டி வையுங்கள். மீதியைப் பிறகு பேசலாம் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் மனைவிக்குத் தோலில் இருக்கும் புண் சில வாரங்களில் ஆறிவிடும். இந்தத் தனித் தட்டை அவர் எத்தனை நாள் மனதில் வைத்திருப்பாரோ, எனக்குத் தெரியாது. நீங்கள் அன்பில்லாமல் செய்யவில்லை. குடும்பத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்திருக்கிறீர்கள். ஆனால் காக்க வேண்டிய ஆபத்து எதுவும் அங்கே இல்லை.

கதிர் வீட்டுக்கு வருவதில்லை

உங்கள் மனைவி படுக்கும் மெஷின் பெரும்பாலும் லினாக் என்பதாக இருக்கும். மின்சாரத்தில் ஓடுவது. சுவிட்சை அணைத்த பிறகு டியூப் லைட் வெளிச்சம் அறையில் மிச்சம் இருப்பதில்லை அல்லவா, அப்படித்தான் இதுவும். மெஷின் நின்ற நொடியில் கதிரும் நின்றுவிடும். கோபால்ட் மெஷினாக இருந்தாலும் கதிர் தரும் பொருள் மெஷினின் தலைக்குள்ளேயே இருக்கும், நோயாளியின் உடம்புக்குள் போவதில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தவரை யாரும் ஒதுக்கி வைப்பதில்லை. இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தட்டு, ஒரே கட்டில், பேரன் மடியில், எல்லாமே சரிதான்.

உங்கள் அக்கா சொன்னதும் பொய்யில்லை. அது வேறு சிகிச்சை. தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 என்ற மருந்தை வாய்வழியாகக் கொடுப்பார்கள். அந்த மருந்தே கதிரியக்கம் உள்ளது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே எட்டு நாள் ஆகும். உடம்புக்குள் போன பிறகு சில நாள் எச்சில், வியர்வை, சிறுநீர் வழியாக வெளியே வரும். அதனால்தான் அந்த அம்மாவைத் தனி அறையில் வைத்தார்கள். இரண்டுக்கும் நாம் 'கரண்ட்' என்று ஒரே பெயர் வைத்திருப்பதால் வந்த குழப்பம் இது. அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். மகளிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.

மெஷினை இயக்கும் தொழில்நுட்பரைப் பற்றி, "அவங்களே கதவை மூடிட்டு ஓடுறாங்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தொழில்நுட்பர் ஒரு நாளைக்குப் பல பேருக்குச் சிகிச்சை கொடுப்பவர், வருடக்கணக்காக அந்த வேலையில் இருப்பவர். மெஷின் ஓடும்போது ஒவ்வொரு முறையும் உள்ளே நின்றால் அவர் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். மெஷின் நின்றதும் அவர் என்ன செய்கிறார் என்று உங்கள் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். நேராக உள்ளே வந்து, கையைப் பிடித்து எழுப்பி உட்கார வைப்பார்.

13ஓடு நிறுத்துவது பற்றி

மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றும்போது, அறுவை பாதி வைத்தியம், கதிர்வீச்சு மீதிப் பாதி. கண்ணுக்குத் தெரியாத செல்கள் ஒன்றிரண்டு தங்கியிருந்தால் அவற்றை அழிக்கத்தான் இது. 17 ஆய்வுகளில் பங்கேற்ற 10,801 பெண்களின் விவரங்களைச் சேர்த்து 2011இல் ஒரு பெரிய அலசல் வெளியானது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு பெறாதவர்களில் பத்தாண்டுக்குள் நூற்றுக்கு 35 பேருக்கு நோய் திரும்பியது. பெற்றவர்களில் 19 பேருக்கு. அந்தப் பலன் முழு அளவும் கொடுத்தால் கிடைப்பது. பாதியில் நிறுத்தினால் பக்கவிளைவை அனுபவித்துவிட்டுப் பலனை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

இன்னொன்று. முன்பெல்லாம் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், 25 கரண்ட் வைப்போம். 15இலேயே அதே பலன் கிடைக்கிறது என்று பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டிய பிறகுதான் குறைத்தோம். உங்கள் மனைவிக்கு 15 மார்பு முழுவதற்கும், கடைசி 5 கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் என்று எழுதியிருப்பார்கள் என நினைக்கிறேன். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியானால் இன்னும் இரண்டு நாளில் அக்குளுக்கும் கீழ் மடிப்புக்கும் பெரும்பாலும் ஓய்வு கிடைத்துவிடும். தோல் மிகவும் திறந்துவிட்டால் ஓரிரு நாள் இடைவெளி விடலாமா என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். வீட்டில் நாமாக முடிவு செய்து போகாமல் இருந்துவிடக் கூடாது.

நிறுத்தலாமா என்று நீங்கள் மருத்துவரைத் தனியாகப் போய்க் கேட்டதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். உடம்பு அவருடையது. 13 நாள் அந்த மேஜையில் கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுத்தவர் அவர். நிறுத்தும் எண்ணம் அவருக்கு வந்ததா என்றே உங்களுக்குத் தெரியவில்லை. வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்கும் நாள் இருக்கும். அன்று இருவரும் சேர்ந்து உள்ளே போங்கள். அவர் முதலில் பேசட்டும். நீங்கள் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தோல்

நம் ஊர்ப் பெண்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. 'தோல் சிவந்தால் சொல்லுங்கள்' என்று கையில் கொடுக்கும் தாளில் அச்சடித்திருக்கும். நம் தோல் எங்கே சிவக்கிறது? கறுக்கும், பழுப்பாகும், ஊதா கலந்த நிறத்துக்குப் போகும். சிவக்கவில்லையே என்று பலர் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். நிறத்தைவிடத் தொட்டுப் பார்ப்பதே மேல். புறங்கையை வைத்தால் மற்றப் பக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா, இறுகியிருக்கிறதா, அரிக்கிறதா என்று பாருங்கள்.

தோலின் அடியடுக்கில் புதுச் செல்கள் ஓயாமல் பிறந்து மேலே வந்துகொண்டிருக்கும். கதிர் அந்தப் பிறப்பைத் தடுக்கிறது. மேலே இருக்கும் பழைய செல்கள் உதிர உதிரத்தான் குறை வெளியே தெரியும். அதனால்தான் முதல் வாரம் ஒன்றும் தெரியாமல் இருந்து, இரண்டாவது மூன்றாவது வாரத்தில் கறுக்கிறது. கடைசிக் கரண்ட் முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். இதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் "எல்லாம் முடிஞ்ச பிறகும் மோசமாகுதே" என்று அப்போது இருவரும் கலங்குவீர்கள். பிறகு மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலோருக்கு ஆறிவிடும். கருமை மங்க மாதங்கள் ஆகலாம்.

மஞ்சள், வேப்பிலை வேண்டாம். அவற்றின் மேல் உங்களுக்குள்ள நம்பிக்கையைக் குறைத்துச் சொல்லவில்லை. அரைத்த விழுதில் நறுநறுவென்று துகள் இருக்கும். காய்ந்ததும் இழுத்துப் பிடிக்கும். கழுவும்போது தேய்க்க வேண்டிவரும். தேய்த்தால் இந்தத் தோல் கையோடு வந்துவிடும். மஞ்சளை ரசத்தில் போடுங்கள். கற்றாழையும் இந்தப் புண்ணைத் தடுப்பதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. செடியிலிருந்து நேராக வெட்டி எடுத்தால் அதன் மஞ்சள் பால் எரிச்சலைத்தான் கூட்டும்.

செய்ய வேண்டியது எளிது. குளிக்கலாம். வெந்நீர் வேண்டாம், உடம்புச் சூட்டுக்குத் தண்ணீர் போதும். காரமில்லாத சோப்பைக் கையில் குழைத்துத் தடவி, நார் போடாமல் கழுவ வேண்டும். துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். தோலில் போட்டிருக்கும் மைக்கோடுகளைத் தேய்க்கக் கூடாது. மங்கினால் ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளலாம், வீட்டில் பேனாவால் புதுப்பிக்க வேண்டாம். மணமில்லாத சாதாரண மாய்ஸ்சரைசரை உரியாத தோலில் தினமும் இரண்டு வேளை தடவலாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் கெட்டியாகப் பூச வேண்டாம். தோல் பிளந்து நீர் கசியும் இடத்தில் பவுடர், எண்ணெய் எதுவும் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கென்று தனிக் களிம்பும் ஒட்டாத கட்டுத் துணியும் இருக்கின்றன. ஐஸ் கட்டியை நேராக வைப்பதும், வெந்நீர்ப் பை ஒத்தடமும் கூடவே கூடாது.

மார்புக்குக் கீழ் மடிப்பில் தோலும் தோலும் உரசி வியர்வை தங்குவதுதான் உங்கள் மனைவியின் பெரிய தொந்தரவு. துவைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துணியைப் பட்டையாக மடித்து அந்த இடுக்கில் வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நனைந்ததும் மாற்ற வேண்டும். இறுக்கமான ரவிக்கையும் உள்ளாடையும் இப்போது வேண்டாம். வீட்டில் இருக்கும்போது உங்களுடைய பழைய பருத்திச் சட்டை ஒன்றை, தையல் உறுத்தாமல் இருக்க உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பஸ்ஸில் வெயில் விழாத பக்கமாக இடம் பிடியுங்கள். சிகிச்சை பெற்ற இடத்தில் இனி நீண்ட காலத்துக்கு நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

களைப்பு

இது நோய் ஏறுவதன் அடையாளம் இல்லை. கதிர்வீச்சில் களைப்பு நாளாக நாளாகக் கூடி, கடைசி வாரத்திலும் அதற்கடுத்த ஓரிரு வாரத்திலும் அதிகமாக இருக்கும். கீமோவின் பாக்கி, காலை ஆறு மணிப் பஸ், இரவில் தூக்கமின்மை எல்லாம் இதோடு சேர்கின்றன. இரத்தசோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவை மருந்தில் சரியாகும் காரணங்கள்.

நாள் முழுக்கப் படுத்திருந்தால் களைப்பு தீராது, கூடும். வியப்பாக இருக்கும், ஆனால் இந்தக் களைப்புக்கு நடைதான் நன்றாகக் கைகொடுக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வெயில் தாழ்ந்ததும் தெருமுனை வரை பத்து நிமிடம். முடிந்தால் அடுத்த வாரம் பதினைந்து. "எழுந்திரு, நட" என்று விரட்டாமல் நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு "வா, போய்ட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். மதியத் தூக்கம் முக்கால் மணி நேரத்துக்குள் இருக்கட்டும். வீட்டு வேலை முழுவதையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். எதைத் தான் செய்வது, எதை விடுவது என்று அவரே சொல்லட்டும். சமையலை மகளிடம் விட்டுவிட்டுக் காலைக் காப்பியை மட்டும் தானே போட வேண்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. அறுவைக்குப் பிறகு சொல்லிக் கொடுத்த கைப்பயிற்சியை விட்டுவிடக் கூடாது. விட்டால் தோள் இறுகிவிடும்.

'புண் சீழ் பிடிக்கும்' என்று முட்டை, மீன், கோழியை நிறுத்தியிருந்தால் திரும்பக் கொடுங்கள். தோல் வளரப் புரதம் வேண்டும். சைவமென்றால் பருப்பு, பயறு, தயிர், பனீர். விளம்பரத்தில் வரும் சத்து மாத்திரைகளையும் மூலிகைச் சாறுகளையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

தாழிட்ட கதவு

உங்கள் மனைவி ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று நீங்கள் யோசித்தீர்களா? நோய் வந்த மார்பு, வெட்டுத் தழும்பு, கறுத்து உரியும் தோல். இதோடு கணவர் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனால், அவர் மனதுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? அக்கா சொன்ன கதை அவருக்குத் தெரியுமோ என்னவோ. தன்னைப் பார்க்கச் சகிக்காமல் போனதாகத்தான் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே காரணத்தைச் சொல்லுங்கள். "கரண்ட் ஒட்டிக்கும்னு நினைச்சுப் பயந்துட்டேன், அது தப்புன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்ற ஒரு வரி போதும். நீங்கள் அவர் முன்னால் சிரித்துக்கொண்டே இருந்து, கடையில் போய் அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு தரம் அவர் எதிரில் கண்கலங்கினால் அவர் நொறுங்கிவிட மாட்டார். இத்தனை நாள் தனியாகத் தூக்கிய பாரம் இன்னொருவருக்கும் தெரிகிறது என்று ஆறுதலாகக்கூட இருக்கலாம்.

புண்ணைப் பார்க்க "காட்டு" என்று கேட்காதீர்கள். "நான் பார்க்கட்டுமா, முதுகுப் பக்கமும் அக்குளும் உனக்கு எட்டாதே" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், நாளைக்குக் கேளுங்கள். சரி என்றால் கையைக் கழுவிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், பத்து நிமிடம். களிம்பு தடவும்போது அழுத்தாதீர்கள்.

தாம்பத்திய உறவுக்கும் தடை இல்லை. அவருக்கு விருப்பமும் தெம்பும் இருக்க வேண்டும், இடது பக்கத்தில் பாரம் விழக் கூடாது, அவ்வளவுதான். கீமோவுக்குப் பிறகு வறட்சியும் வலியும் இருக்கலாம், அதற்கு மருந்துக் கடையில் ஜெல் கிடைக்கும். மாதவிலக்கு நின்றுவிட்டது போலத் தெரிந்தாலும் இந்தக் காலத்தில் கரு உருவாகாமல் பார்த்துக்கொள்வது அவசியம். வெறுமனே பக்கத்தில் படுத்துக் கையைப் பிடித்துக்கொள்வது போதும் என்றால் அதுவும் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். இது உங்களுக்கும் சேர்த்துத்தான். சர்க்கரை மாத்திரையை மறந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாத்திரையை அவருடைய களிம்புக்குப் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் எடுத்தீர்களா என்று அவர் கேட்கட்டும். அவருக்கும் அது தேவைப்படும்.

காத்திருக்கக் கூடாதவை

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், புண்ணில் நாற்றம் அல்லது மஞ்சள் நீர், தூங்க விடாத வலி, தண்ணீர்கூட விழுங்க முடியாத தொண்டை வலி, கை திடீரென்று வீங்குவது, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. இவற்றில் எது வந்தாலும் அடுத்த கரண்ட் நாள் வரை பொறுக்காமல் உடனே போங்கள்.

சிகிச்சை முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சு வாங்குவதும் வந்தால், யாரிடம் காட்டினாலும் "மார்புக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நுரையீரலில் சிலருக்கு வரும் அழற்சி அது. சொல்லாவிட்டால் சளி என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

செலவைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சுக்கும் இடம் உண்டு. அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு மேஜையில் கேளுங்கள். ரயில் வசதி இருக்கும் ஊரென்றால், சிகிச்சைக்குப் போகும் புற்றுநோய் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. மருத்துவரின் சான்றிதழ் வேண்டும்.

சனி, ஞாயிறு கரண்ட் இருக்காது. இந்தச் சனிக்கிழமை பேரனைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எட்டு மாதப் பிள்ளை காலை உதைக்கும். அதனால் உங்கள் மனைவியின் இடது பக்கத்தில் ஒரு தலையணையை வைத்து, குழந்தையை வலது தோளில் சாய்த்துக் கொடுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், கை வலித்தால் நீங்கள் வாங்கிக்கொள்ளலாம்.